வீரர் வெட்டிய சாலை

ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் தென்கிழக்கு மூலையில் அமைந்தது விக்டோரியா மாநிலம். அதன் தலைநகராகிய மெல்பர்னிலிருந்து தென்மேற்கே புறப்பட்டு, ஜீலோங் நகரையும் டார்க்கீ என்னும் கடற்கரை ஊரையும் கடந்து செல்வோர், ஈஸ்டர்ன் வியூ என்னும் இடத்தில் சாலைக்குக் குறுக்கே மரத்தாலான ஒரு வளைவைக் காண்பர். வேலைப்பாடு மிகுந்த வளைவன்று. பெருங்கட்டைகளை நிறுத்தி மேலே குறுக்குக் கட்டை போட்டது போன்ற எளிய அமைப்பு. பயணிகள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அதன் அருகே நின்று படம் பிடித்துக்கொள்கின்றனர். போர்வீரர் நினைவுச்சின்னத்தைப் பார்த்தாயிற்று என்ற நிறைவோடு வண்டியில் ஏறுகின்றனர். ஆனால் அவ்வளைவு வாயில் மட்டுமே. சின்னம் என்பது அதன் கீழே ஓடும் சாலைதான்.

'கிரேட் ஓஷன் ரோடு' என்று உலகம் அறிந்த இப்பெருங்கடற் சாலை, டார்க்கீயிலிருந்து அலன்ஸ்ஃபோர்டு வரை 243 கிலோமீட்டர் நீளுகிறது. இதன் கிழக்குப் பகுதியை, சிறப்பாக லோர்ன், அப்பல்லோ பே ஆகிய ஊர்களை இணைக்கும் மலைவிளிம்புப் பாதையை, 1919 முதல் 1932 வரை வெட்டி அமைத்தவர்கள் முதல் உலகப் போரிலிருந்து உயிரோடு திரும்பிய படைவீரர்கள். ஏறத்தாழ 3,000 பேர் இவ்வேலையில் ஈடுபட்டனர். திரும்பி வாராத தோழர்களுக்கு அது காணிக்கையாக்கப்பட்டது.

பொதுவாக, மாண்டாருக்கு மற்றவர் சின்னம் எழுப்புவர். வீரனுக்கு ஊரார் கல் நடுவர். வீரனே கல் சுமப்பதில்லை. இங்கோ பெருமை பெறவேண்டியவர்களே பிக்காசு பிடித்தனர். அதற்குக் கூலியும் வாங்கினர். அப்படியாயின் இது நினைவுச்சின்னமா, வேலையற்றோர்க்குக் கொடுத்த வேலையா? இரண்டும்தான் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆயினும் இவ்விரண்டும் ஒன்றோடொன்று எவ்வாறு பொருந்தின, எங்கே பொருந்தாமல் போயின என்பதைப் பார்த்தால்தான் சாலையின் கதை விளங்கும்.

உடல் இல்லாத துக்கம்

முதல் உலகப் போர் மூண்டபோது ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகை ஐம்பது இலட்சத்துக்கும் குறைவு. அவர்களுள் 4,16,000க்கு மேற்பட்டோர் படையிற் சேர்ந்தனர். 60,000 பேருக்கு மேல் மாண்டனர். விக்டோரியா மாநிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 1,14,000 பேர் சேர்ந்து, 89,000 பேர் கடல் கடந்து சென்று, 19,000 பேர் திரும்பாது போயினர். இவர்கள் அனைவரும் தாமே முன்வந்து சேர்ந்தவர்கள். கட்டாயப் படைச் சேர்க்கை வேண்டுமா என்று 1916லும் 1917லும் இருமுறை மக்களிடம் வாக்குக் கேட்கப்பட்டது. இருமுறையும் மக்கள் வேண்டாம் என்றனர். ஆகவே, 'போனான்' என்ற சொல்லுக்கு அந்நாட்டில் தனி மதிப்பு உண்டாயிற்று. அங்குள்ள பல சின்னங்களில் மாண்டவர் பெயரோடு, உயிரோடு திரும்பியவர் பெயரும் பொறிக்கப்பட்டிருப்பதற்கு இதுவே காரணம்.

இன்னொன்றும் கருதற்குரியது. மாண்டவர்களின் உடல்கள் தாய்நாட்டுக்குக் கொண்டுவரப்படவில்லை. வீழ்ந்த இடத்திலேயே அடக்கம் செய்வது என்பது அன்றைய பிரிட்டிஷ் பேரரசின் முடிவு. கலிப்பொலியிலும் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பாலஸ்தீனத்திலும் அவர்கள் புதைந்துகிடந்தனர். பலருக்குப் புதைத்த இடமே தெரியவில்லை. பல்லாயிரம் மைல் கப்பலேறிச் சென்று மகனுடைய கல்லறையைக் காணும் வசதி எத்தனை தாய்மார்க்கு இருந்திருக்கும்? ஊர்தோறும் சாலையோரங்களிலும் நாற்சந்திகளிலும் எழுந்த சின்னங்கள் வெற்றித் தூண்கள் அல்ல. அவை உடல் இல்லாத கல்லறைகள். பூ வைப்பதற்கு ஓரிடம் வேண்டியிருந்தது.

விக்டோரியா மக்கள் இதற்குக் கண்ட வழிகளுள் தனிச்சிறப்புடையது 'மரியாதைச் சாலை' என்பதாகும். ஊருக்குள் நுழையும் சாலையின் இருமருங்கிலும் வீரனுக்கு ஒரு மரம் என்ற கணக்கில் நட்டு, ஒவ்வொரு மரத்தினடியிலும் அவனுடைய பெயரை எழுதிவைப்பது. பாக்கஸ் மார்ஷ் என்னும் சிற்றூரில் 1918 ஆகஸ்டு 10ஆம் நாள், ஊதுகொம்பு ஒலித்ததும், 281 எல்ம் மரக் கன்றுகள் ஒரே வேளையில் நடப்பட்டன. போர் அப்போது முடியவில்லை.

பல்லரட் நகரத்துச் சாலை இவற்றுள் பெரியது. லூக்கஸ் என்னும் ஆடை தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்த ஏறத்தாழ 500 பெண்கள் முன்னின்று பணம் சேர்த்து, 1917 முதல் 1919 வரை, ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தொலைவுக்கு 3,771 மரங்களை நட்டு முடித்தனர். தையற்கூலியில் வாழ்ந்த பெண்கள் செய்த வேலை இது. சாலையின் தலைப்பில் அவர்கள் எழுப்பிய வெற்றி வளைவை, பின்னாளில் எட்டாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசர் 1920 ஜூன் 2ஆம் நாள் திறந்துவைத்தார். மரங்களை வரிசைப்படுத்திய முறைதான் இங்கே கவனிக்கத்தக்கது. பட்டாளத்தில் என்ன பதவி என்று பார்க்கவில்லை. யார் முதலில் சேர்ந்தார், யார் பின்னர் சேர்ந்தார் என்ற முறைப்படியே மரங்கள் நின்றன. தளபதிக்குப் பெரிய மரம், சிப்பாய்க்குச் சிறிய மரம் என்ற பேதம் இல்லை. திரும்பி வந்தவன் தன் மரத்தின் நிழலிலேயே நடந்துபோகலாம். வாராதவனுடைய தாய் மரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இஃது ஒரு வகை. பெயரை நிலைநிறுத்தும் வகை.

கல்லா, பயனா?

போர் ஓய்ந்ததும் அந்நாடெங்கும் ஒரு வாதம் எழுந்தது. மாண்டவர்க்குக் கல்லும் தூணும் போதுமா, இருப்பவர்க்குப் பயன்படும் மருத்துவமனையும் நூலகமும் மண்டபமும் கட்டலாகாதா என்பதே அது. பயன் வேண்டும் என்றவர்கள், 'கல் யாருக்குச் சோறு போடும்?' என்ற வகையில் பேசினர். கல் வேண்டும் என்றவர்கள், 'மருத்துவமனை எப்படியும் கட்டவேண்டியதுதானே. அதற்கு இறந்தவன் பெயரைச் சாக்காக்குவதா?' என்றனர். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது.

ஆசிரியர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்றை இங்கே சொல்லிவிடலாம். பிரான்சில் வில்லெர்-பிரெத்தொன்னே என்னும் ஊரை 1918 ஏப்ரல் 24, 25ஆம் நாள்களில் ஆஸ்திரேலியப் படைகள் மீட்டன. போரில் இடிந்த அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தை மீண்டும் எழுப்ப விக்டோரியா மாநிலத்துப் பள்ளிப் பிள்ளைகள் காசு காசாகச் சேர்த்து அனுப்பினர். 1927இல் திறக்கப்பட்ட அப்பள்ளி இன்றும் 'விக்டோரியா' என்ற பெயரோடு நடைபெறுகிறது. வீரர் மாண்ட மண்ணில் அவர்களுடைய மாநிலத்தின் பெயரால் ஒரு பள்ளி! பயன்படும் சின்னத்துக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டுக் காண்பது அரிது.

நிற்க. கடற்கரைச் சாலை பயன் வேண்டும் என்ற கட்சியைச் சேர்ந்தது. ஆனால் அது தோன்றியது வாதத்திலிருந்து அன்று, தேவையிலிருந்து.

போர்முனையிலிருந்து திரும்பும் பல்லாயிரவர்க்கு என்ன வேலை கொடுப்பது என்ற கவலை, போர் முடியுமுன்பே மாநில அரசாங்கத்தைப் பற்றியிருந்தது. அரசாங்கம் கண்ட பெரிய வழி நிலம். வீரர்க்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்தும் திட்டத்தின்கீழ் விக்டோரியாவில் மட்டும் ஏறத்தாழ 11,000 பண்ணைகள் ஏற்பட்டன. திட்டம் தாளில் அழகாக இருந்தது. நடைமுறையிலோ நிலம் போதவில்லை. பல இடங்களில் மண் நன்றாக இல்லை. உழவறியாதவன் கையில் ஏரைக் கொடுத்துத் தலையில் கடனை ஏற்றினர். விளைபொருளின் விலையும் விழுந்தது. 1925இல் அதுபற்றி விசாரிக்க அரச ஆணைக்குழு ஒன்று அமர்த்தவேண்டியதாயிற்று. நாடெங்கும் 1,000க்கு மேற்பட்ட ஆஸ்திரேலியப் பழங்குடியினரும் அப்போரிற் சேர்ந்து பணிபுரிந்திருந்தனர். அவர்களுள் நிலம் பெற்றவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். கூ-வீ-ரப் என்னும் இடத்தில் நிலம் பெற்ற பெர்சி பெப்பர் அத்தகைய சிலருள் ஒருவர்.

சாலை என்னும் எண்ணத்தை முன்வைத்தவர் வில்லியம் கால்டர். மாநிலத்தின் நாட்டுப்புறச் சாலை வாரியத்துக்குத் தலைவராக இருந்தவர். தென்மேற்குக் கரையோரத்தில் மக்கள் நெருக்கமில்லாத பகுதிகளிற் சாலை அமைக்கும் வேலையைத் திரும்பிவரும் வீரர்க்குக் கொடுக்கலாம் என்று அவர் மாநிலப் போர்க் குழுவிடம் கூறினார். அப்பகுதிக்குச் சாலை உண்மையாகவே தேவைப்பட்டது. லோர்னுக்குப் போகக் காட்டு வழியே குதிரை வண்டி. அப்பல்லோ பேக்குப் போகப் பெரும்பாலும் கப்பல். ஆட்வே மலைத்தொடர் நேராகக் கடலில் இறங்கும் கரை அது. கப்பலுக்கும் அக்கரை நல்லதன்று.

எண்ணத்தைச் செயலாக்கியவர் ஹோவர்டு ஹிட்ச்காக். ஜீலோங் நகரில் பெரிய துணிக்கடைக்கு உரிமையாளர். 1917 முதல் 1922 வரை அந்நகரத்து மேயர். 1918 மார்ச்சில் அமைந்த பெருங்கடற் சாலை அறக்கட்டளைக்குத் தலைவரானார். தம் கைப்பணத்தில் 3,000 பவுன் கொடுத்தார். நன்கொடையாகவும் கடனாகவும் 81,000 பவுன் திரட்டப்பட்டது. சாலையிற் செல்லும் வண்டிகளிடம் சுங்கம் வாங்கிக் கடனை அடைப்பது, கடன் தீர்ந்ததும் சாலையை மாநிலத்துக்கு இனாமாகக் கொடுத்துவிடுவது என்பது ஏற்பாடு. ஹிட்ச்காக் வணிகர். இச்சாலை வந்தால் கடற்கரை ஊர்கள் செழிக்கும், பயணிகள் வருவர் என்ற கணக்கு அவருக்கு இருந்தது. அதனை அவர் மறைக்கவும் இல்லை. நினைவுச்சின்னம் என்ற பெயர் பணம் திரட்ட உதவியது என்று இன்று சிலர் ஏளனமாகப் பேசக்கூடும். உதவியது உண்மையே. ஆனால் வணிகக் கணக்கு மட்டும் உடையவர், தம் வாழ்நாளின் கடைசிப் பதினான்கு ஆண்டுகளை அதிலே போட்டிருக்கமாட்டார்.

பிக்காசும் கடப்பாரையும்

1919 செப்டம்பர் 19ஆம் நாள், மாநில முதலமைச்சர் ஹாரி லாசன் லோர்ன் அருகே வெடி வைத்து வேலையைத் தொடங்கிவைத்தார். போரின் வெடியோசையிலிருந்து பத்து மாதங்களுக்கு முன்புதான் விடுபட்டவர்கள் அதே ஓசையோடு புதுவேலையில் இறங்கினர். இதனை எண்ணி விழாவில் யாரேனும் தயங்கினார்களோ என்னவோ!

இயந்திரங்கள் அரிது. பிக்காசு, மண்வாரி, கடப்பாரை, வெடிமருந்து, குதிரை பூட்டிய மண்வண்டி இவையே கருவிகள். சர்வே செய்தவர்கள் அடர்காட்டில் மாதத்துக்கு மூன்று கிலோமீட்டர் அளவே முன்னேற முடிந்தது. ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறுபக்கம் ஆழத்தில் அலை; இடையே பாறையைக் குடைந்து விளிம்பு செதுக்கவேண்டும். விபத்துகள் நேர்ந்தன, போரில் தப்பியவர்களுட் சிலர் இங்கே மாண்டனர். வேலையாட்கள் கூடாரங்களில் தங்கினர். உணவுக்குப் பொதுவான பெருங்கூடாரமும் சமையற்கூடமும் இருந்தன. பியானோ, இசைத்தட்டுப் பெட்டி, விளையாட்டுப் பொருள்கள், செய்தித்தாள்கள் ஆகியவையும் கொடுக்கப்பட்டன.

கூலி எட்டு மணி நேர நாளுக்கு 10 ஷில்லிங் 6 பென்ஸ். சனிக்கிழமை அரைநாள் வேலை. கணக்கு வகுப்புக்கு உரிய ஒரு சிறு கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம். வாரத்தில் ஐந்தரை நாளுக்கு 57 ஷில்லிங் 9 பென்ஸ் வருகிறது. உணவுக்கு வாரம் 10 ஷில்லிங் வரை பிடித்தம். எஞ்சுவது 47 ஷில்லிங் 9 பென்ஸ். இதனை ஏழு நாளுக்கும் பங்கிட்டால் நாளொன்றுக்கு 7 ஷில்லிங்குக்குச் சற்றுக் குறைவு. போர்முனையில் ஆஸ்திரேலியச் சிப்பாய்க்குக் கிடைத்தது நாளொன்றுக்கு 6 ஷில்லிங். அங்கே உணவும் உடையும் இலவசம். உயிரைப் பணயம் வைத்த நாளில் பெற்றதைவிட, ஊர் திரும்பிப் பாறை உடைத்த நாளில் அவன் கையில் மிஞ்சியது சில பென்ஸ் மட்டுமே கூடுதல். அதுவும் மழையால் வேலை நடவாத நாளில் அவன் கதி வேறு. இக்கூலி அக்காலத்துக்கு அநியாயமானதன்று. எனினும் 'பரிசு' என்றோ 'கைம்மாறு' என்றோ அதனை அழைக்க முடியாது. உழைப்புக்குக் கூலி, அவ்வளவே.

பதின்மூன்று ஆண்டுகளில் 3,000 பேர் என்ற எண்ணிக்கையே வேறொன்றையும் உணர்த்தும். வந்தவர் அனைவரும் கடைசிவரை நிலைத்திருந்தாரல்லர். வருவதும் போவதுமாகவே கூடாரங்கள் இருந்தன. பொருளாதார மந்தம் வந்த பின்னர், போருக்குப் போகாத வேலையற்றோரும் சாலைப்பணியிற் சேர்ந்தனர்.

கடும் வேலையிடையே சிரிப்புக்கும் இடமிருந்தது. 1924இல் 'கசினோ' என்னும் நீராவிக் கப்பல் கேப் பாட்டன் முனையருகே பாறையில் தட்டியது. பாரத்தைக் குறைக்க 500 பீப்பாய் பீரையும் 120 பெட்டி மதுவையும் கடலில் தள்ளினர். அலை அவற்றைக் கரையில் ஒதுக்க, சாலைத் தொழிலாளர் இரண்டு வாரம் தாமாகவே விடுமுறை எடுத்துக்கொண்டனராம். இக்கதையை அங்குள்ளவர்கள் இன்றும் சொல்லி மகிழ்கின்றனர். ஆனால் அதே கப்பலின் முடிவை அத்துணை விருப்பமாகச் சொல்வதில்லை. 1932 ஜூலை 10ஆம் நாள் அப்பல்லோ பே துறையருகே அது மூழ்கிப் பத்துப் பேர் மடிந்தனர். சாலை முழுதும் திறக்கப்பட்டது அதற்கு நான்கு மாதங்களுக்குப் பின்னர். அவ்வூராருக்குச் சாலை ஏன் வேண்டியிருந்தது என்பதை வேறு எந்தப் புள்ளிவிவரமும் இதைவிடத் தெளிவாகக் காட்டாது.

மொழியாசிரியர்கள் நோக்கத்தக்கது, ஆஸ்திரேலியச் சிப்பாய்க்கு வழங்கிய பட்டப்பெயர். 'டிக்கர்' என்றனர், 'தோண்டுபவன்' என்பது பொருள். முன்பு தங்கச் சுரங்கத்தாருக்கு வழங்கிய சொல், முதல் உலகப் போரில் சிப்பாய்க்கு ஆகிவந்தது. பதுங்குகுழி தோண்டியவன், ஊர் திரும்பி மலையையே தோண்டியபோது, பட்டப்பெயர் மீண்டும் தொழிற்பெயராயிற்று. வளைவின் அருகே 2007இல் வைக்கப்பட்ட, கருவி பிடித்த இரு தொழிலாளர் சிலைக்கும் 'டிக்கர்கள்' என்றே பெயர். துப்பாக்கி ஏந்திய சிலையாக அதனைச் செய்யாதது நல்ல முடிவு.

அவர்கள் தம் போர் நினைவையும் நிலத்தின்மீது எழுதிச் சென்றனர். 'பீரங்கிப் பாறைகள்' என்று பொருள்படும் ஆர்ட்டிலரி ராக்ஸ், வெடிகுண்டுச் சில்லைக் குறிக்கும் ஷ்ராப்னெல் பள்ளத்தாக்கு போன்ற பெயர்கள் இச்சாலையோரத்தில் வழங்குகின்றன. பின்னது கலிப்பொலிப் போர்க்களத்தில் ஆஸ்திரேலியர் இட்ட பெயரேயாகும். அப்பெயரால் அழைத்தவனுக்கு இது இன்பச் சுற்றுலா இடமாகத் தோன்றியிராது.

வாயிலில் வாங்கிய காசு

ஈஸ்டர்ன் வியூவிலிருந்து லோர்ன் வரையிலான பகுதி 1922 மார்ச் 18ஆம் நாள் திறக்கப்பட்டு, மீண்டும் வேலைக்காக மூடப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் சுங்கச் சாவடியோடு திறக்கப்பட்டது. மோட்டார் காருக்கு 2 ஷில்லிங். இரண்டுக்கு மேற்பட்ட குதிரை பூட்டிய வண்டிக்கு 10 ஷில்லிங். மாண்டவர்க்குக் காணிக்கையான சாலையில் நுழைவுக் காசா என்ற கேள்வி எழுவது இயல்பு. கோயில் வாயிலில் கட்டணம் வாங்குவது போன்றது அது. ஆனால் கடனாளியின் சாலை வேறு எப்படித் தீரும்? மாநில அரசாங்கம் தன் கருவூலத்திலிருந்து முழுச் செலவையும் ஏற்றிருந்தால் சுங்கம் வேண்டியிருந்திராது. வீரரின் சின்னத்துக்குப் பணம் தேடும் பாரத்தை ஒரு துணிக்கடைக்காரரும் அவருடைய நண்பர்களும் சுமந்தனர் என்பதுதான் இதில் மாநிலத்துக்குக் குறைவு.

1932 நவம்பர் 26ஆம் நாள் மாநிலத் துணை ஆளுநர் சர் வில்லியம் இர்வின் லோர்னில் சாலையைத் திறந்துவைத்தார். ஹிட்ச்காக் அதனைக் காணவில்லை. மூன்று மாதத்துக்கு முன், ஆகஸ்டு 22ஆம் நாள், இருதய நோயால் இறந்துவிட்டார். விழா ஊர்வலத்தில் துணை ஆளுநர் வண்டியின் பின்னே அவருடைய கார் சென்றது. அவர் அமரும் இடம் வெறுமையாக இருந்தது. மவுண்டு டிஃபயன்ஸ் என்னும் மலைமுகட்டில் அவருக்குத் தனி நினைவுச் சின்னம் உண்டு.

1936 அக்டோபர் 2ஆம் நாள் அறக்கட்டளை சாலையை மாநிலத்துக்கு ஒப்படைத்தது. அன்றோடு சுங்கம் ஒழிந்தது. 1939இல் முதல் வளைவு எழுந்தது. இன்று நிற்பது அதுவன்று. 1983 பிப்ரவரி 16ஆம் நாள் பரவிய பெருங்காட்டுத்தீயில் அன்றிருந்த வளைவு எரிந்துபோன பின்னர்க் கட்டப்பட்டது. 2011 ஏப்ரலில் சாலை ஆஸ்திரேலியாவின் தேசிய மரபுப் பட்டியலில் இடம் பெற்றது.

பெயர் எங்கே?

உலகிலேயே பெரிய போர் நினைவுச்சின்னம் இது என்று சுற்றுலா ஏடுகள் எழுதுகின்றன. நீளத்தை அளந்தால் இருக்கலாம். ஆனால் பல்லரட் சாலையில் 3,771 மரங்களுக்கு 3,771 பெயர்கள். இங்கே 3,000 பேர் உழைத்த இடத்தில், உழைத்தவன் பெயரை மைல்கல் தோறும் தேடினாலும் காணமுடியாது. மெல்பர்னில் 1934 நவம்பர் 11ஆம் நாள் திறக்கப்பட்ட நினைவாலயத்தில், கடல் கடந்து சென்ற விக்டோரியர் ஒவ்வொருவர் பெயரும் கையால் எழுதப்பட்ட ஏடுகளில் வைக்கப்பட்டுள்ளது. போருக்குப் போனதற்காக அங்கே அவன் பெயர் இருக்கிறது. சாலை வெட்டியதற்காக இங்கே அவனுக்குப் பெயர் இல்லை. கொடையாளர் பெயரும் தலைவர் பெயரும் விளங்குகின்றன. கூலிப் பட்டியலில் இருந்தவன் மறைந்துபோனான்.

இப்பக்கத்து வாசகர்க்கு இச்செய்தி அந்நியமானதன்று. விக்டோரியாவில் திரட்டப்பட்ட 2/29ஆம் காலாட்படைப் பிரிவு 1942 ஜனவரியில் மூவார் அருகே பக்ரியில் ஜப்பானியரோடு பொருதது. அடுத்த மாதம் சிங்கப்பூர் விழுந்தபோது ஏறத்தாழ 15,000 ஆஸ்திரேலியர் சிறைப்பட்டனர். சயாம்–பர்மா ரயில் பாதையில் ஏறத்தாழ 13,000 ஆஸ்திரேலியக் கைதிகள் வேலை செய்து, 2,800 பேர் அளவில் மாண்டனர். பல்லரட் நகரில் 2004 பிப்ரவரியில் திறக்கப்பட்ட போர்க்கைதிகள் நினைவகத்துக் கருங்கற் சுவரில் 35,000க்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அப்பாதையில் மாண்டவர் பெயர்களும் அவற்றுள் உண்டு. அதே பாதையில், நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழரும் பிற ஆசியத் தொழிலாளரும் கைதிகளைவிடப் பன்மடங்கு மிகுதியாக மாண்டனர். எத்தனை பேர் என்பதில்கூட மதிப்பீடுகள் ஒத்துப்போவதில்லை. கைதிக்குப் படைப் பதிவேடு இருந்தது. தொழிலாளிக்கு அப்படி ஒன்று இல்லை. பதிவேடு இருந்தால் பெயர் கல்லுக்கு வரும், இல்லாவிடில் வாராது.

கடற்சாலையை வெட்டியவன் இவ்விரு நிலைக்கும் இடைப்பட்டவன். சிப்பாயாக இருந்தபோது எண் பெற்றான், பதக்கம் பெற்றான். தொழிலாளியானதும் அவன் 'ஏறத்தாழ 3,000' என்ற தொகைக்குள் அடங்கிவிட்டான். ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். பெயர் எழுதிய மரம் பட்டுப்போனால் புதுக் கன்று நடுகின்றனர். பழைய மரம் அங்கே இல்லை. அவன் செதுக்கிய பாறை விளிம்போ, பின்னர் அகலப்படுத்தப்பட்ட இடங்கள் நீங்கலாக, இன்றும் வண்டிகளைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

தாங்குவதும் எளிதாக இல்லை. மலை கீழே இறங்குகிறது. கடல் அடியிலிருந்து அரிக்கிறது. 2015 கிறிஸ்துமஸ் நாளில் வை ரிவர் ஊரில் தீ பரவி மலைச்சரிவின் மரங்களை அழித்தது. பிடிமானம் இழந்த மண், 2016 செப்டம்பர் மழையில் சரிந்து சாலையை மூடிற்று. சாலையையும் கரையையும் காப்பதற்கென்றே 2020 டிசம்பரில் மாநில அரசாங்கம் தனி அமைப்பு ஒன்றை ஏற்படுத்தியுள்ளது. முன்பு வீரர்கள் வெடிவைத்து உடைத்த பாறை முகத்தில், இப்போது கற்கள் உருண்டு விழாதபடி தொழிலாளர்கள் கம்பி வலை பொருத்துகின்றனர்.